கும்பிடுபூச்சிக்கு எவ்வளவு பெரிய வீடு வேண்டும்?

நீங்கள் எழுதியிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வியாசர்பாடியில் மாடி வீடு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடியில் 2 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கும்பிடுபூச்சிக் குஞ்சு கிடைத்தது. தயிர் டப்பாவில் வைத்து வளர்க்கிறீர்கள். இரண்டு முறை தோல் உரித்து இப்போது 3 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. அடுத்து எதில் வைப்பது, வீட்டில் சும்மா கிடக்கும் இரண்டடி மீன் தொட்டியில் ஒரேயடியாக விட்டுவிடலாமா, இல்லை வளர வளர டப்பா மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா என்பது கேள்வி. கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, மூடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே இருக்கிறது. கேள்வி டப்பாவைப் பற்றியதுதான், ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது இந்தக் கடைசி வரி.

அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம். அது நோய் இல்லை. பெரும்பாலும் அடுத்த தோலுரிப்புக்குத் தயாராகிறது. முதுகில் பின்பக்கம் இறக்கை முளைக்கும் இடத்தில் சின்ன மொட்டுகள் இருக்கும். அவை உப்பலாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். இன்றைக்கு வீடு மாற்றாதீர்கள். டப்பாவின் உயரம் 9 சென்டிமீட்டர் என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள், இந்த ஒரு முறைக்கு அது போதும். உள்ளே விட்ட கரப்பான் குஞ்சு இன்னும் உயிரோடு இருந்தால் அதை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். மூடியைப் பூச்சியோடு சேர்த்து நேராக மேலே தூக்கி, கரப்பானைத் தட்டிவிட்டு, அப்படியே திரும்ப வைத்தால் போதும். தோல் ஏற்கெனவே பிளக்கத் தொடங்கியிருந்தால் அதைக்கூடச் செய்ய வேண்டாம். டப்பாவை ஆட்டாத இடத்தில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். தோல் உரித்த பிறகும் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், இரை போடாதீர்கள். புதுத் தோல் இறுகும்வரை அதற்குப் பிடிக்கவும் தெம்பு இருக்காது, இரை கடித்தால் தடுக்கவும் தெம்பு இருக்காது.

இனி என்னைப் பற்றி ஒரு வரி. நான் பூச்சி ஆராய்ச்சியாளன் இல்லை. விலங்கியல் படித்து, திருவொற்றியூர் பக்கம் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதையே நடத்தியவன். வகுப்பில் காட்டுவதற்காக ஒரு பூச்சியில் ஆரம்பித்தது, பதினைந்து வருடமாக வீட்டில் ஏதாவது ஒரு டப்பாவில் ஏதாவது ஒரு கும்பிடுபூச்சி இருந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் போட்ட படத்தை வைத்து இனம் சொல்ல என்னால் முடியாது. குஞ்சுப் பருவத்தில் பல இனங்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். பச்சை நிறத்தையும் நல்ல பருமனான உடம்பையும் பார்த்தால் ஹைரோடூலா வகையாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. நம் ஊரில் செடி கொடிகளில் கிடைக்கும் பெரிய பச்சைப் பூச்சி பெரும்பாலும் அதுதான். அப்படியானால் பெண் பூச்சி 8 சென்டிமீட்டர் அளவுக்கு வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். வேறு இனமாக இருந்து 4 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டாலும் கீழே சொல்லும் கணக்கு மாறாது, ஏனென்றால் எல்லாம் பூச்சியின் நீளத்தை வைத்துத்தான்.

நான் அடித்துச் சொல்லக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. கும்பிடுபூச்சிக்கு வீடு என்றால் முதலில் கூரை, அதற்கப்புறம்தான் சுவரும் தரையும். அது உலாவப் பிறந்த உயிர் இல்லை. ஒரு கிளையில் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்து, எதிரே வருவதைப் பிடித்துத் தின்னும். அதற்கு இடம் தேவைப்படுவது வாழ்நாளில் ஏழெட்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம்: தோல் உரிக்கும்போது. அதன் உடம்பைத் தாங்குவது வெளித்தோல்தான், அந்தத் தோல் விரியாது. உள்ளே உடம்பு வளர்ந்து சட்டை இறுகிப்போனதும், கூரையைக் காலால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். தலைக்குப் பின்னால் முதுகுப்பக்கம் தோல் பிளக்கும். பிளந்த இடத்தின் வழியாகத் தலை, முன்னங்கால்கள், பிறகு நூல் போன்ற மற்ற நான்கு கால்கள் என்று ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு கீழ்நோக்கி வழுகி வரும். அந்த நேரத்தில் பழைய தோலின் கால்கள்தான் கூரையைப் பிடித்திருக்கின்றன; பூச்சி, வயிற்றின் நுனி மட்டும் பழைய தோலில் ஒட்டியிருக்க, மெழுகு போல மெத்தென்று தொங்குகிறது. கால்கள் சற்று இறுகியதும் மேலே எம்பி, தன் பழைய தோலையோ பக்கத்துக் குச்சியையோ பற்றிக்கொள்ளும்.

இதை ஒரு முறை நேரில் பார்த்தவர்கள் அளவைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். பழைய தோல் ஒரு நீளம், அதற்குக் கீழே அதைவிடப் பெரிய புதுப் பூச்சி ஒரு நீளம், அப்புறம் காலை நீட்டி இறுகவைக்கக் கொஞ்சம் இடம். கூட்டினால் உடம்பின் நீளத்தைப் போல மூன்று மடங்கு உயரம் வருகிறது. வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு இதுதான்: உயரம் குறைந்தது மூன்று மடங்கு, அகலம் குறைந்தது இரண்டு மடங்கு. அந்த மூன்று மடங்கும் காலியாக இருக்க வேண்டும். அழகுக்காக அடியிலிருந்து பிளாஸ்டிக் செடியை நட்டு வைத்தால், தொங்கும் பூச்சி அதில் இடிக்கும். இடித்த கால் வளைந்தபடியே இறுகிவிடும்.

கூரையின் பிடிமானம் அதைவிட முக்கியம். இதை நான் கற்றது புத்தகத்தில் இல்லை. ஆரம்பக் காலத்தில் ஒரு பெண் பூச்சியைப் பெரிய கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தேன். உயரம் தாராளம். மூடி வழவழப்பான பிளாஸ்டிக், அதில் ஊசியால் துளை போட்டிருந்தேன். குஞ்சாக இருந்தவரை ஒரு குறையும் இல்லை. எடை குறைவாக இருக்கும்போது வழவழப்பிலும் அதன் கால் ஒட்டும். அந்தத் தைரியத்தில் அப்படியே விட்டுவிட்டேன். கடைசித் தோலுரிப்பில், இறக்கை வர வேண்டிய முறை, பாதியில் கால் வழுக்கிக் கீழே விழுந்து கிடந்ததைக் காலையில்தான் பார்த்தேன். இறக்கைகள் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இறுகிப்போயிருந்தன, ஒரு முன்னங்கால் பின்பக்கமாக மடங்கியிருந்தது. அது கடைசி முறை என்பதால் திருத்திக்கொள்ள இன்னொரு தோலுரிப்பு இல்லை. இரண்டு மாதம் இடுக்கியால் ஊட்டி வளர்த்தேன். குஞ்சுப் பருவத்தில் கால் போனால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் மெல்ல முளைத்துவிடும், வளர்ந்த பூச்சிக்கு அந்த வசதி கிடையாது. அன்றிலிருந்து என் டப்பா எதிலும் வழவழப்பான மூடி கிடையாது.

சரி, எத்தனை டப்பா மாற்ற வேண்டும்? இதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கணக்கு கை கொடுக்கும். வியன்னாவில் ஹான்ஸ் பிரிசிபிராம் என்ற விலங்கியலாளர், கும்பிடுபூச்சிகளை வளர்த்து அளந்து பார்த்து 1912இல் எழுதியது: ஒவ்வொரு தோலுரிப்பிலும் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, நீளம் 1.26 மடங்காகிறது. எல்லாப் பூச்சிக்கும் அச்சுப்பிசகாமல் பொருந்தும் விதி இல்லை இது, ஆனால் டப்பா வாங்கப் போதுமான விதி. உங்கள் பூச்சிக்கே பொருத்திப் பாருங்கள். 2 சென்டிமீட்டர், ஒரு தோலுரிப்பில் 2.5, அடுத்ததில் 3.2. நீங்கள் அளந்ததும் ஏறக்குறைய அதுதானே? இனி 4, பிறகு 5, 6.3, 8. அதாவது மூன்று தோலுரிப்புக்கு ஒருமுறை நீளம் இரட்டிப்பாகிறது. இன்றைக்குத் தேவை 9.6 சென்டிமீட்டர் உயரம். தயிர் டப்பா விளிம்பில் நிற்கிறது. இந்தத் தோலுரிப்பு முடிந்ததும் அடுத்ததற்கு 12 சென்டிமீட்டர் வேண்டும், அங்கே தயிர் டப்பா தோற்றுவிடும். 8 சென்டிமீட்டருக்கு 24. ஆகவே ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. இன்னும் ஒரே ஒரு மாற்றம் போதும்: 25 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமும் 16 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒன்றைச் செய்துவிட்டால் அதிலேயே கடைசிவரை இருக்கும். உயரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் நல்லதுதான். கடைசித் தோலுரிப்பில் இறக்கைகள் முழுசாக விரிந்து தொங்கிக் காய வேண்டும்.

அப்படியானால் இன்னும் பெரிதாக, அந்த மீன் தொட்டியையே கொடுத்தால் என்ன என்பீர்கள். குஞ்சுக்குப் பெரிய வீடு பட்டினி வீடு. அது இரையைத் துரத்திப் போகாது. இரை அதன் கை எட்டும் தூரத்துக்கு வர வேண்டும். இரண்டடித் தொட்டியில் நாலு ஈயை விட்டால் ஈக்கள் ஒரு மூலையில், இவர் ஒரு மூலையில். இருக்கிறதா செத்ததா என்று நீங்கள் தேடுவதற்கே நேரம் போய்விடும். தொட்டிக்கு வேறு குறைகளும் உண்டு. நான்கு பக்கமும் கண்ணாடி, காற்று மேலே மட்டும். படுக்கை வசத்தில் அகலம்தான் இருக்கிறது, உயரம் ஓரடிதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அடியில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டுமென்றால் பூச்சி முழு வளர்ச்சி அடைந்த பிறகு, குட்டைப் பக்கம் தரையில் படும்படி நிமிர்த்தி நிறுத்தி, திறந்த பக்கத்தை முன்னால் கொண்டுவந்து அதில் வலைச் சட்டம் மாட்டலாம். மேல்பக்கம் அப்போது கண்ணாடியாகிவிடும், அதனால் உள்ளே கூரையிலும் வலை ஒட்டியாக வேண்டும். மீனுக்கு எப்போதாவது மருந்து போட்டிருந்தால் நன்றாக ஊறவைத்துக் கழுவிக் காயவையுங்கள். இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது ஒரு கனமான, நகர்த்த முடியாத பெட்டி. நான் செய்யமாட்டேன்.

நான் செய்வது டீக்கடையில் முறுக்கு, பிஸ்கட் போட்டு வைக்கும் அந்தப் பெரிய மிட்டாய் பாட்டிலில்தான். காலியானதைக் கேட்டால் பல கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள், இல்லாவிட்டால் பாரிமுனைப் பக்கம் பிளாஸ்டிக் கடைகளில் புதிதாகவே கிடைக்கும். ஸ்கேலோடு போங்கள், எல்லா பாட்டிலும் ஒரே உயரம் இல்லை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லோரும் மூடியை வெட்டி அதில் வலை ஒட்டுவார்கள். அப்படிச் செய்தால் பூச்சி தொங்குவது திறக்கிற மூடியில். ஒவ்வொரு முறை இரை போடும்போதும் அதன் வீட்டுக் கூரையையே நீங்கள் கழற்றுகிறீர்கள். அதற்குப் பதிலாகப் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். வாய் கீழே, அடிப்பாகம் மேலே. அடிப்பாகத்தை விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, அதன்மேல் வலைத் துணியை முரசுத் தோல் போல இழுத்து ஒட்டுங்கள். அதுதான் கூரை, இனி அதை யாரும் தொடுவதில்லை. திருகு மூடி இப்போது தரை. சுத்தம் செய்ய வேண்டுமென்றால் மூடியைக் கழற்றிப் பாட்டிலை மட்டும் மேலே தூக்கினால் போதும், பூச்சி கூரையில் தொங்கியபடியே வந்துவிடும். பக்கவாட்டில் பாதி உயரத்தில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு, அதைப் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச் துண்டால் அடைத்துவிட்டால் இரை போட வாசல் தயார். பச்சை நார் ஒட்டாத, சோப்புப் படாத புது ஸ்பாஞ்சாக இருக்கட்டும். எதிர்ப்பக்கம் கீழே உள்ளங்கை அளவுக்கு இன்னொரு ஜன்னல் வெட்டி அதிலும் வலை ஒட்டுங்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று இருந்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும். வெட்டிய விளிம்பெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

வலைக்கு எது நல்லது என்பதில் கவனம் வேண்டும். இரும்பு வலை வேண்டாம். பூச்சியின் கால் நுனி நகம் கம்பியில் சிக்கி உடைவதைப் பார்த்திருக்கிறேன். கொசுவலைத் துணி, அல்லது எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் கிடைக்கும் நெட் துணி அரை மீட்டர் போதும், பல வருடம் வரும். ஒன்று மட்டும்: கொசுவலையில் மருந்து ஏற்றிய வகையும் விற்கிறார்கள். அது கொசுவைக் கொல்வதற்காகவே செய்தது, உங்கள் பூச்சியையும் விட்டுவைக்காது. சாதாரண வலை என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். ஒட்டுவதற்குச் சூடான பசைத் துப்பாக்கி நல்லது, மணக்கும் பசைகளைப் போட்டால் இரண்டு மூன்று நாள் வெளியே காயவிட்டு, வாடை துளியும் இல்லை என்ற பிறகு பூச்சியை விடுங்கள்.

உள்ளே அதிகம் வேண்டாம். தரைக்கு டிஷ்யூ தாள், வாரம் ஒருமுறை மாற்றலாம். கோக்கோபீட் என்ற தேங்காய் நார்த்தூளைப் போடச் சொல்வார்கள். ஈரம் பிடிக்காத ஊர்களில் அது சரி, நமக்கு மழைக்காலத்தில் அதில் பூஞ்சையும் சின்னச் சின்ன உண்ணிகளும் வந்து சேரும். சொரசொரப்பான ஒரு குச்சியைச் சாய்வாக, கூரையைத் தொடும்படி வையுங்கள், கொய்யாக் குச்சி எனக்கு நன்றாக அமைந்திருக்கிறது. விழுந்தால் ஏறி வர அது ஏணி. அழகுக்குப் பூக்கடைப் பூவையோ நர்சரியிலிருந்து நேற்று வாங்கிய ரோஜாக் கிளையையோ வைக்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு ஹீட்டர் விளக்கு வாங்கட்டுமா என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். வட சென்னையில் ஹீட்டரா! நமக்குப் பிரச்சினை நேர் எதிர். இந்தப் பூச்சிக்கு 25இலிருந்து 30 டிகிரி வரை சுகம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மே மாதம் அக்னி நட்சத்திரத்தில், மதியம் ஒரு மணிக்கு உங்கள் அறை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சூடு மேலே தேங்கும், அதனால் அலமாரி உச்சியில் வைக்காமல் தரைக்குப் பக்கத்தில், வெயில் விழாத சுவரோரம் வையுங்கள். மண்பானை வைத்திருக்கும் மூலை இருந்தால் அதுவே நல்ல இடம். கடல் காற்று உள்ளே வரும்வரை பாட்டிலைச் சுற்றி ஈரத்துணி ஒன்றைப் போர்த்தலாம், வலையை மூடாமல். கீழ்த்தளத்தில் தெரிந்தவர் வீடு இருந்தால் அந்த மூன்று வாரத்துக்கு அங்கே அனுப்பிவிடுவது இன்னும் நல்லது. எந்தக் காலத்திலும் ஜன்னல் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். திறந்த வெளியில் வெயில் காயும் பூச்சிதான், ஆனால் அங்கே நிழலுக்கு நகர முடியும். பாட்டிலுக்குள் வெயில் என்றால் குக்கர்.

தண்ணீரை அது கிண்ணத்தில் குடிக்காது. சுவரில் நிற்கும் துளியைத்தான் உறிஞ்சும். ஸ்பிரே பாட்டிலால் பக்கவாட்டுச் சுவரில் ஒரு முறை, பூச்சியின் முகத்தில் படாமல். மேற்கிலிருந்து அனல் காற்று வீசும் நாட்களில் காலை மாலை இரண்டு முறை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணியே காய்வதில்லை, அப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். அடித்த தண்ணீர் சில மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும். காயவில்லை என்றால் காற்று போதவில்லை, இன்னொரு ஜன்னல் வெட்டுங்கள். காற்றில் ஈரம் குறைந்தால்தான் தோல் சரியாக உரிவதில்லை என்று வளர்ப்பவர்கள் பலர் உறுதியாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சுற்றிலும் ஈரம் இருப்பதைவிட, பூச்சி வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருப்பதுதான் காரியம் என்பது என் அனுபவம். வறண்ட நாட்களிலும் துளி கொடுத்துவந்த பூச்சிகள் நன்றாகவே உரித்திருக்கின்றன. இது என் வீட்டுப் பூச்சிகளை வைத்துச் சொல்வது, சோதனைக்கூட முடிவு அல்ல. குழாய்த் தண்ணீரின் குளோரின் கெடுதலா என்பதும் இப்படித்தான், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் ஒரு சொம்புத் தண்ணீரை இரவு திறந்து வைத்து மறுநாள் பயன்படுத்துகிறேன், செலவில்லாத எச்சரிக்கை.

இப்போது சொல்வதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நம் பகுதியில் வீட்டுக் கும்பிடுபூச்சியைக் கொல்வது பெரும்பாலும் கொசு மருந்துதான். கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் லிக்விட், ஸ்பிரே எல்லாம் பெரும்பாலும் பூச்சியின் நரம்பைத் தாக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள். கொசுவுக்கும் கும்பிடுபூச்சிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. மருந்து பட்ட பூச்சி கால் நடுங்கி, ஒருபக்கமாகச் சாய்ந்து, தன் காலையே கடித்துக்கொள்ளும். என் வீட்டில் ஒன்று அப்படிப் போயிருக்கிறது. லிக்விடை மாட்டியது வேறு யாரும் இல்லை, நானேதான், தூக்கக் கலக்கத்தில். கொசு இல்லாமல் தூங்க நமக்கு வழி வேண்டுமே என்றால், பூச்சி இருக்கும் அறையில் கட்டில் வலையும் மின்சாரப் பேட்டும், மற்ற அறையில் உங்கள் இஷ்டம். தெருவில் புகை மருந்து அடிக்கும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாட்டிலை உள்ளறைக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் துணி போட்டு மூடி வையுங்கள். எறும்புச் சாக்பீஸும் அதே வகை விஷம், பாட்டிலைச் சுற்றிக் கோடு போட்டுவிடாதீர்கள். ஆனால் எறும்பு உண்மையான ஆபத்து. தோல் உரித்து மெத்தென்று தொங்கும் பூச்சியை ஒரு ராத்திரியில் முடித்துவிடும். அதற்கு நம் வீடுகளில் சர்க்கரை டப்பாவுக்குச் செய்கிற வைத்தியமே போதும்: தட்டில் தண்ணீர், நடுவில் கவிழ்த்த கிண்ணம், அதன்மேல் பாட்டில்.

இரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டோடு சம்பந்தப்பட்ட அளவில் மட்டும் சொல்கிறேன். சமையலறைக் கரப்பானைப் பிடித்துப் போடுவதை நிறுத்துங்கள். பக்கத்து வீட்டில் மருந்து தின்றுவிட்டு வந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. குஞ்சுக்கு வாழைப்பழத் தோலில் மொய்க்கும் சின்ன ஈ, வளர்ந்ததற்குக் கொளத்தூர் மீன் கடைகளில் பெரிய மீன்களுக்காக விற்கும் புழுவும் கிரிக்கெட் என்ற சுவர்க்கோழியும். ஒரு நேரத்தில் ஒன்று. தின்னாத கிரிக்கெட்டை இரவு உள்ளே விட்டுவைத்தால், தோல் உரிக்கும் பூச்சியை அது தின்றுவிடும். இரை யார், வேட்டைக்காரர் யார் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் மாறிவிடுகிறது.

துணைக்கு இன்னொன்றைப் பிடித்துப் போடலாமா என்று அடைப்புக்குறிக்குள் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒரு பாட்டிலுக்கு ஒன்று. இரண்டு போட்டால் சில நாளில் ஒன்றாகி, அந்த ஒன்று நன்றாகக் கொழுத்திருக்கும். தென்னிந்தியாவின் வறண்ட புதர்க் காடுகளில் வயலின் போன்ற உடம்போடு காய்ந்த சருகு மாதிரி ஒரு இனம் உண்டு, கோங்கிலஸ் என்பார்கள். அது மட்டும் போதிய இரை இருந்தால் கூட்டமாக இருக்கச் சம்மதிக்கும். உங்களிடம் இருப்பது நிச்சயமாக அது இல்லை.

இரவில் கண் கறுப்பாகிவிட்டது என்று பதறி நாளைக்கு எழுதாதீர்கள், அது இருட்டில் பார்ப்பதற்காக இயல்பாக நடப்பது, விடிந்தால் பச்சையாகிவிடும். ஆனால் வளர்ந்த பூச்சிக்குக் கண்ணில் போகாத கறும்புள்ளி வந்தால், அது தெளிவான சுவரில் முகத்தைத் திரும்பத் திரும்ப உரசியதால் இருக்கலாம். காரணம் அதுதானா என்பதில் வளர்ப்பவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு உரசல்தான் என்று தோன்றுவதால், பாட்டிலின் உட்சுவரில் முக்கால் பங்குக்கு நெட் துணியை ஒட்டிவிடுகிறேன். நான் பார்ப்பதற்கு முன்பக்கம் மட்டும் தெளிவாக இருக்கும். ஏறுவதற்கும் அது வசதி.

கடைசித் தோலுரிப்பு முடிந்து இறக்கை வந்துவிட்டால் உயரக் கணக்கெல்லாம் தளர்ந்துவிடும், இனி அது தோல் உரிக்கப்போவதில்லை. அதற்குள் ஆணா பெண்ணா என்றும் தெரிந்துவிடும்; வயிற்றின் அடிப்பக்க வளையங்களை எண்ணினால் பெண்ணுக்கு ஆறு, ஆணுக்கு எட்டு. பெண் என்றால் அந்தக் கொய்யாக் குச்சியை எடுத்துவிடாதீர்கள், ஆணோடு சேராவிட்டாலும் நுரைக்கூடு கட்டி முட்டையிடும், அதற்குக் குச்சி வேண்டும். வயிறு பருத்த பெண் உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழியலாம், அதனால் அதற்குப் பிறகு இன்னும் உயரமான பெட்டி தேடவும் வேண்டாம். ஆண் என்றால் ஒல்லியாக, நிலைகொள்ளாமல் இருக்கும், பாட்டிலைத் திறந்த கணம் பறந்து டியூப் லைட்டுக்குப் போகும். அங்கே ஏற்கெனவே பல்லி உட்கார்ந்திருக்கும். இரை போடும்போது விளக்கை அணைத்துவிட்டுச் செல்போன் வெளிச்சத்தில் போடுங்கள்.